"எனக்கும் கேன்சர் வந்தா என்கூட இருப்பியாம்மா?"



இந்தப் பகுதியைப் பல வருஷமாக விடாமல் படிப்பவள் நான். படிப்பதோடு சரி, எழுதியதில்லை. சில வாரங்களுக்கு முன் ஒரு சகோதரி இங்கே எழுதியிருந்தார். 'மூன்று வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள், கை கால் ஓடவில்லை, அனுபவப்பட்டவர்கள் யாராவது இரண்டு வரி எழுதுங்களேன்' என்று கேட்டிருந்தார். அதைப் படித்த அன்று அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடித்தது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வரியில் முடிகிற சமாச்சாரம் இல்லை இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

எங்களுக்கு மாமல்லபுரத்தை ஒட்டிய கடலோரக் கிராமம். என் வீட்டுக்காரர் கல் சிற்பப் பட்டறையில் வேலை பார்ப்பவர். நான் பிறந்த வீடு செங்கல்பட்டு. மூத்தவன் பையன், அடுத்தது பெண். 2014 ஜூலையில் அவளுக்கு நாலு வயசு கூட நிறையவில்லை. திடீரென்று, "கால் வலிக்குது, தூக்கிக்கோ" என்று அழ ஆரம்பித்தாள். காய்ச்சல் வரும், போகும். முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகத் திட்டுகள். ஓடி விளையாடுகிற குழந்தை, எங்காவது விழுந்திருக்கும் என்று நினைத்தேன். மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். ஒரு டாக்டரிடம் மூன்று முறை காட்டினோம். மூன்று முறையும் சத்துக்குறைவு என்று டானிக்தான் எழுதிக் கொடுத்தார். நானும் வேளாவேளைக்கு ஊற்றினேன்.

ஒரு நாள் காலையில் பல் விளக்கிவிடும்போது ஈறில் ரத்தம் வந்தது. கொப்பளிக்கச் சொன்னேன், நிற்கவில்லை. அரை மணி நேரம் துணியை வைத்து அழுத்தியும் நிற்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறிவிட்டேன். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 5. ரத்தம் உறைவதற்குத் தேவையான தட்டணுக்கள் குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டுமாம், இவளுக்கு 18 ஆயிரம்தான் இருந்தது. டாக்டர் பேப்பரைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, "அடையாறுக்கு இன்னைக்கே போங்கம்மா. நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்றார்.

அடையாறு என்றால் என்ன என்று நம் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரயிலில் கிண்டி வரைக்கும் என் வீட்டுக்காரரும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் மட்டும் ஜன்னல் வழியே பார்த்து, "ஏரி, ஏரி" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

அங்கே இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துச் சோதித்தார்கள். மறுநாள் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது பெரியவங்களுக்கு வர்ற மாதிரி இல்லைம்மா. குழந்தைகளுக்கு வர்ற இந்த வகை பெரும்பாலும் குணமாகிற வகை. ஆனா மொத்தம் ரெண்டரை வருஷம் ஆகும். நடுவுல நிறுத்தவே கூடாது." எனக்கு முதல் வரி காதிலேயே விழவில்லை. 'ரெண்டரை வருஷம்' மட்டும்தான் விழுந்தது. நான் கேட்ட ஒரே கேள்வி, "நான் சாப்பாட்டுல ஏதாவது தப்பு பண்ணிட்டேனா டாக்டர்?" என்பதுதான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பாட்டாலயும் வரலை, யார் சாபத்தாலயும் வரலை, ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டவும் ஒட்டாது" என்றார். சகோதரி, இதை நீங்களும் முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். குற்றம் சொல்ல சொந்தபந்தம் நிறைய இருக்கும். நீங்களும் அவர்களோடு சேர்ந்து கொள்ளாதீர்கள்.

அந்த ஆஸ்பத்திரியே ஒரு பெண்ணின் துக்கத்தில் முளைத்ததுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-ல் 12 படுக்கைகளோடு அதை ஆரம்பித்திருக்கிறார். மறு வருஷமே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் கண்மூடும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவை 1960-களிலேயே தொடங்கிவிட்டார்களாம். இதெல்லாம் வராந்தாவில் காத்திருந்த நாட்களில் காதில் விழுந்தவைதான். முத்துலட்சுமி அம்மா எந்த மனசோடு அதைக் கட்டியிருப்பார் என்று அந்த வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

முதல் மாதம் வார்டிலேயே. அதைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் உங்களுக்குப் பயன்படுவதை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள் முதுகுத்தண்டில் ஊசி போட அழைத்துப் போனபோது, "வலிக்காதுடா கண்ணு" என்று பொய் சொன்னேன். வலித்தது. அதன் பிறகு மூன்று நாள் அவள் என்னை நம்பவே இல்லை. மாத்திரை கொடுத்தால் துப்பினாள், சோறு ஊட்டினால் கூட, "அதுல ஊசி இருக்கா?" என்று கேட்டாள். ஒரு வயசான நர்ஸம்மாதான் என்னைத் தனியே கூப்பிட்டு, "குழந்தைகிட்ட உண்மையைச் சொல்லும்மா, தாங்கிக்கும்" என்றார். அடுத்த முறை, "வலிக்கும். நீயும் நானும் இருபது எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றேன். பதினாறிலேயே முடிந்துவிட்டது. "இன்னும் நாலு பாக்கிம்மா" என்று அழுகையோடு சிரித்தாள். அவள் நூறு வரை எண்ணப் பழகியது இப்படித்தான், பள்ளிக்கூடத்தில் இல்லை.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும்போது குழந்தைக்குப் பகாசுரப் பசி வரும். பயப்படாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, "ரசஞ்சாதம், அப்பளம்" என்று அலறுவாள். வார்டில் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் கன்னம் உப்பி, கோபமாகத் தின்றுகொண்டிருக்கும். ஒரு தூக்குச்சட்டியில் எப்போதும் இட்லி வைத்திருப்பேன். சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து ஏற்றுவார்கள், அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் ரத்தமென்று நினைத்து நான் கத்திய கத்தில் வார்டே கூடிவிட்டது.

தட்டணுக்கள் ஏற்ற ரத்ததானம் செய்ய ஆள் வேண்டுமென்றார்கள். என் வீட்டுக்காரர் பட்டறைக்குப் போன் போட்டார். மறுநாள் காலை ஏழு பேர் மாமல்லபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றார்கள். தலைமுடியெல்லாம் கல் தூள். அதில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். மனுஷன் அதற்காக வாசலில் உட்கார்ந்து அழுதார். அவர்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் இன்றைக்கும் முதல் ஆளாக நான் போய் நிற்பேன்.

முடி கொட்டியபோது நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. நம் ஊரில் ஒரு சௌகரியம், மொட்டைத் தலைக் குழந்தையை யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்றுதான் ரயிலில் கேட்பார்கள். முதலில் திருப்பதி என்றேன், அப்புறம் திருத்தணி என்றேன். ஒரு நாள் இவளே முந்திக்கொண்டு, "அடையாறு" என்று சொல்லிவிட்டாள்.

இனி எழுதப் போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

ஒரு மாதம் முடிந்து மறுபடி மஜ்ஜையைப் பார்த்தார்கள். நோய் அணுக்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்கள். குழந்தை ஓடுகிறாள், சிரிக்கிறாள், கால் வலி இல்லை. வீட்டுக்கு வந்தோம். மாமியார், "அதான் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு அந்தப் பிஞ்சு உடம்புல விஷத்தை ஏத்துறீங்க? ஒரு பெரியவர் பொடி தர்றார், ஒரு மண்டலம் கொடுத்தாப் போதும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேத்தியின் கையில் ஊசி குத்திக் குத்திக் கறுத்துப் போனதைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னார். மருந்துச் செலவைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது என்றாலும், சாப்பாடு, பயணம், அவர் வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் சேர்ந்து என் வளையலும் சங்கிலியும் அடகுக் கடையில் இருந்தன. குறித்துக் கொடுத்த தேதி வந்தது. நாங்கள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. வெளிப்படையாக யாரும் 'நிறுத்திவிடலாம்' என்று பேசவில்லை. சும்மா இருந்தோம், அவ்வளவுதான். இப்படியே ஒன்பது நாள்.

பத்தாம் நாள் பட்டறையில் இருந்த என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். திட்டவில்லையாம். "ஏங்க வரலை? பாப்பா நல்லா இருக்காளா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். "நல்லா இருக்காங்க, அதனாலதான்..." என்று இவர் இழுத்திருக்கிறார். "கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லை. இப்ப நிறுத்தினா திரும்பி வரும். திரும்பி வந்தா இதே மருந்து கேக்காது" என்றார்களாம். உளியை அப்படியே போட்டுவிட்டு வந்தவர் என்னிடம், "கிளம்பு" என்றார். அம்மாவிடம் அவர் எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

எங்கள் பக்கத்துப் படுக்கையில் விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். இவளுக்குப் பெரிய தோழன். அவர்களும் எங்களைப் போலவே முதல் மாதம் முடிந்து ஊருக்குப் போனார்கள். அவர்களிடம் போன் இல்லை. எட்டு மாதம் கழித்து அவனை மறுபடி அதே வராந்தாவில் தூக்கிக்கொண்டு நின்றாள் அவன் அம்மா. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் நான் அவர்களைப் பார்க்கவில்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு போன்தான் வித்தியாசம். வேறு எந்தக் கெட்டிக்காரத்தனமும் எனக்கில்லை. வசதியுள்ள நாடுகளில் இந்த வகை நோய் வந்த 100 குழந்தைகளில் 85-க்கு மேல் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அந்தக் கணக்கு குறைவதற்கு இப்படிப் பாதியில் நிற்பதும் ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள்.

'விஷம்' என்று மாமியார் சொன்ன மருந்துகளில் ஒன்று எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே பூத்திருந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வாரா வாரம் இவளுக்கு ஏற்றிய வின்கிரிஸ்டின் என்கிற மருந்து, நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பதாம். கடற்கரை மணலில் தண்ணீர் ஊற்றாமலே ரோஸ் நிறத்தில் பூக்குமே, சுடுகாட்டுப் பூ என்று தலையில் வைக்க மாட்டோமே, அதே செடிதான். இதைக் கேட்டதும் மாமியாருக்கு இங்கிலீஷ் மருந்தின் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. அடுத்த வாரம் ஒரு கை இலையைப் பறித்துக் கஷாயம் வைக்க உட்கார்ந்துவிட்டார்! நல்லவேளை, பார்த்துவிட்டேன். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும், அதைச் சுத்தம் பண்ணி அளந்து ஏற்றுகிறார்கள். இலையாகக் காய்ச்சிக் குடித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். யாரும் விளையாட்டுக்குக் கூடச் செய்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் கொடுக்கிற மெதோட்ரெக்சேட் மாத்திரை உருவாகக் காரணமாக இருந்த விஞ்ஞானிகள் குழுவின் தலைவரும், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன சுப்பாராவ் என்பவராம். இதையும் மாமியாரிடம் சொன்னேன். "நம்ம பக்கத்துப் புள்ளையா?" என்று அன்று மாத்திரையை அவரே கொடுத்தார்.

இப்போது மூத்தவனைப் பற்றி. எழுதவே கூச்சமாக இருக்கிறது. இவளோடு நான் வார்டில் இருந்தபோது அவனைச் செங்கல்பட்டில் என் அம்மாவிடம் விட்டிருந்தேன். ஏழு வயசுப் பையன், சமர்த்து, தொந்தரவு தரமாட்டான் என்று நினைத்தேன். தொந்தரவு தரவும் இல்லை. ராத்திரியில் படுக்கையை நனைக்கிறான் என்று அம்மா சொன்னபோது கூட, "இவன் வேற" என்று எரிந்து விழுந்தேன். ஒரு மாதம் கழித்து நேரில் பார்க்கப் போனேன். பக்கத்தில் வந்து ஒட்டவில்லை. சாப்பிட்டு முடித்து நான் புடவையைச் சரிசெய்து கிளம்பும் நேரத்தில், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டான், "எனக்கும் கேன்சர் வந்தா என்கூட இருப்பியாம்மா?" என்று.

அன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். அந்த மாதமே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்கே குடி வந்துவிட்டோம். அவர் மட்டும் பட்டறைக்காக ஊரில். புருஷனை விட்டு வந்துவிட்டாள் என்று ஊர் பேசியது, பேசட்டும். செங்கல்பட்டிலிருந்து ரயில் புறப்படுவதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும் என்பது ஒரு லாபம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது லீவு நாட்களில் அவனையும் கூட்டிப் போனேன். ரத்தம் எடுக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவது அவன் வேலை. வீட்டில் தினத்தாள் காலண்டரில் எந்த மாத்திரை எந்தக் கிழமை என்று சிவப்புப் பேனாவில் எழுதுவதும் அவன்தான். ஒன்று தினம் கொடுப்பது, இன்னொன்று வாரம் ஒரு முறை. வாராந்திர மாத்திரையைத் தவறி தினம் கொடுத்தால் உயிருக்கு ஆபத்து. எனக்கே ஒரு தடவை குழம்பிவிட்டது. அவன்தான், "இன்னைக்கு செவ்வாய்மா, வெள்ளிதான் அது" என்று தடுத்தான். படுக்கை நனைப்பது எப்போது நின்றது என்றே எனக்கு ஞாபகமில்லை.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அன்று ராத்திரிதான் இவளுக்கு உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரில் 102. இந்தக் குழந்தைகளுக்கு 100.4-ஐத் தொட்டாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று படுக்கக்கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சாதாரணக் கிருமியே ஆளைக் கொன்றுவிடும். ரயில் இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. அடையாறு என்பது அன்றைக்கு அமெரிக்கா மாதிரி. பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த ஃபைலை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, இவளைத் தோளில் போட்டு, முழங்கால் தண்ணீரில் அம்மாவும் நானும் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். டியூட்டியில் இருந்த சின்னப் பெண் டாக்டர் டார்ச் வெளிச்சத்தில் ஃபைலைப் புரட்டினார். காய்ச்சல் வந்தால் உடனே எந்த ஊசி போட வேண்டும் என்று அடையாறு டாக்டர் அதில் எழுதியே வைத்திருந்தார். அரை மணி நேரத்துக்குள் மருந்து ஏற ஆரம்பித்தது. நாலு நாள் அங்கேயே இருந்து காய்ச்சல் விட்டது. சகோதரி, ஃபைலை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று ஒரு தாளில் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே ஒரு முறை முகம் காட்டிவிட்டு வாருங்கள்.

இன்னும் சில. காய்ச்சி ஆறிய தண்ணீர், அப்போது சமைத்த சாப்பாடு, தோல் உரிக்கிற பழம். ரோட்டோர ஐஸ், சட்னி வேண்டாம். போலியோ சொட்டு மருந்து கொடுக்க வீடு தேடி வருவார்கள், சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு அதைக் கொடுக்கக்கூடாது. கூடப்பிறந்ததுக்கு ஊசியாகப் போடச் சொல்வார்கள், டாக்டரைக் கேளுங்கள். நான் வேண்டாமென்றதற்கு ஒரு பெண், "படிக்காதவங்களா நீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அக்கம்பக்கத்து வாசலில் வேப்பிலை செருகியிருந்தால், அதாவது அம்மை வார்த்திருந்தால், உங்கள் குழந்தை அங்கே போய் வந்ததா என்று பார்த்து அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று மறைக்காதீர்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் படிவம் கேட்டால் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்.

2017 ஜனவரியில் கடைசி மாத்திரை. காலண்டர் தாளைக் கிழித்தது மூத்தவன்தான். சங்கிலியை மீட்டுவிட்டேன், வளையல் போனது போனதுதான்.

இப்போது அவள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். வருஷத்துக்கு ஒரு முறை செக்கப். இந்தத் தடவை, "நீ இரும்மா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் அண்ணன் கிளம்பிவிட்டான். காலையில் போனவர்கள் வரும்வரை நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தார்கள். எல்லாம் நார்மல் என்றான். ஊசி குத்தும்போது இருபது வயசை நெருங்குகிற அந்தத் தடியனே பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினானாம், நர்ஸெல்லாம் சிரித்ததாம், மானமே போய்விட்டது என்று அவனோடு இன்னும் இவள் பேசவில்லை.

அந்தச் சகோதரி, உங்கள் மகனுக்கு முதல் மாதம் முடிந்ததும் இதே பகுதிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த தேதிக்குப் போய்விட்டு வந்தீர்களா என்பதையும் எழுதுங்கள். பார்த்துக்கொண்டே இருப்பேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மாமல்லபுரம்.